அனுமார் வாலும் நூறடிச் சங்கிலியும்



ஒன்று நீளமாக இருக்கிறது என்பதை நம் மக்கள் எப்படியெல்லாம் சொல்கிறார்கள் என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவை நான்கு. இலக்கணம் நீட்டலளவையைக் கடைசியில் வைத்து ஒரு வரியில் முடித்துக்கொள்ளும். சந்தையிலும் கடற்கரையிலும் அது அப்படி முடிவதில்லை. அளவுகோல் கையில் இல்லாதவர்கள் நீளத்தைச் சொல்ல நூறு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வழியும் ஓர் உழைப்பிலிருந்தோ, ஓர் உடம்பிலிருந்தோ, ஊர் கூடிக் கேட்ட ஒரு கதையிலிருந்தோ வந்தது. அந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டே ஒரே ஒரு சொல்லுக்குள் நாம் சுருங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கவலை.

அந்த ஒரு சொல் எது என்று தெரிய, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டி ஏதாவது ஒரு தேநீர்க் கடையில் சற்று நேரம் நின்றால் போதும். சென்னையிலிருந்து ‘லாங் டிரைவ்’ வந்த பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பார்கள். வந்த வழி ‘செம லாங்’. நேற்றுப் பார்த்த படம் ‘ரொம்ப லெங்த்து’. டிக்கெட்டுக்கு நின்ற வரிசை ‘ஹெவி லாங்’. தோழியின் தலைமுடியும் ‘லாங்’, பேராசிரியர் தந்த பாடக்குறிப்பும் ‘லாங்’. சாலைக்கும் சடைக்கும் வரிசைக்கும் வகுப்புக்கும் ஒரே சொல்.

ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. வாங்கியதுதான் வாங்கினோம், நல்ல சரக்கை விட்டுவிட்டு வாங்கிவிட்டோம் என்பதே என் வருத்தம். ஆங்கிலம் பேசும் ஊர்களில் சாதாரண மக்கள் வாயில் நீளத்துக்கு எத்தனை வளமான பேச்சு இருக்கிறது! குற்றங்களின் பட்டியல் ‘உன் கை நீளத்துக்கு இருக்கிறது’ என்பார்கள். நடந்து மாளாத தூரத்தைக் ‘கிராமத்து மைல்’ என்பார்கள். நாட்டுப்புறத்தான் சொல்லும் ஒரு மைல் நடக்க நடக்கத் தீராது என்பது அதன் பொருள். ஒருவரைப் பார்த்து நெடுங்காலம் ஆகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டுமே அடுக்கிய ஒரு மாதம் ஆகிவிட்டது என்பார்கள். பேச்சை நிறுத்தாதவனைப் பற்றி, மாடுகள் தாமாக வீடு திரும்பும்வரை பேசுவான் என்பார்கள். கை, கால், மாடு, ஞாயிற்றுக்கிழமை என்று இவை எல்லாமே வாழ்க்கையிலிருந்து எடுத்தவை. இவற்றில் ஒன்றுகூட நம் பிள்ளைகளிடம் வந்து சேரவில்லை. வந்தது அகராதியின் முதல் சொல் மட்டும்.

கொஞ்சம் கவனித்தால் அவர்களுடையதும் நம்முடையதும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்று தெரியும். அவர்களுடைய கை நீளப் பட்டியல் நமக்கு முழ நீளப் பட்டியல். கிராமத்து மைலின் பொருள் செய்யூர்ப் பக்கம் நடந்து போய் வழி கேட்ட எவருக்கும் தெரியும். ‘இதோ, கூப்பிடு தூரந்தான், நடங்க’ என்று சொல்லப்பட்ட ஊர், உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தாலும் வராது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. தினமும் நடக்கிற கால் அவருடையது. அந்தக் கால் சொன்ன கணக்கு அது.

முழத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துக்கு வெளியே பூக்காரம்மா முழம் போடுவதைப் பாருங்கள். சரத்தின் நுனியை நடுவிரலில் பிடித்து முழங்கை வரை இழுப்பார். அங்கே கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு மறுபடி விரலுக்கு. ‘உன் கை சின்னக் கையா இருக்கேம்மா’ என்பார் வாங்க வந்தவர். ‘உங்கையில அளந்து குடுத்தா நான் எப்பிடிம்மா பொழைக்கிறது, இந்தா’ என்று நாலு விரல் கூட்டி அறுத்துத் தருவார் பூக்காரம்மா. அளவு இங்கே ஒரு பேச்சுவார்த்தை. யாருடைய கை என்பதும் அளவில் சேர்த்தி. எட்டு முழ வேட்டியும் சாண் வயிறும் சாண் ஏற முழம் சறுக்குவதும் இந்தக் கையிலிருந்து வந்தவைதாம்.

பழைய வாய்பாடும் இந்தக் கையில்தான் தொடங்குகிறது. 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு கோல், 500 கோல் ஒரு கூப்பீடு, 4 கூப்பீடு ஒரு காதம். முழத்தை ஒன்றரை அடி என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். கூப்பீடு 3,000 அடி வருகிறது, அரை மைலுக்கும் கொஞ்சம் மேல். காதம் 12,000 அடி, இரண்டேகால் மைல். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் காதம் என்பது ஏறத்தாழ பத்து மைல் என்று இருக்கும். வாய்பாட்டின் காதம் வேறு, வழிநடையின் காதம் வேறு. ‘அவனைக் கண்டாலே காத தூரம் ஓடறான்’ என்று ஒருவர் சொல்லும்போது இரண்டு மைலா பத்து மைலா என்று யாரும் கேட்பதில்லை. ஓடுகிறவன் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பது மட்டும் கேட்டவருக்கு விளங்கிவிடுகிறது.

கூப்பீடு என்னை மிகவும் ஈர்க்கிற அளவு. ஒரு மனிதக் குரல் போய்ச் சேரும் எல்லை அது. ஏரிக்கரையில் நின்று கழனியில் இருப்பவரை அழைத்த தலைமுறையிடம்தான் அப்படி ஓர் அளவு பிறக்க முடியும்.

கடற்கரைக்கு வந்தால் கை இன்னும் விரிகிறது. கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று இந்தக் கரை நெடுகக் கயிற்றையும் ஆழத்தையும் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க விரித்தால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை ஒரு பாகம். மீனவர் கயிற்றை மார்புக்குக் குறுக்கே இழுத்து விரிப்பார், மடிப்பார், மறுபடி விரிப்பார். வாய் எண்ணிக்கொண்டே போகும். ஆங்கிலேய மாலுமி கடல் ஆழத்துக்கு வைத்திருந்த ஆறடி அளவும் இதே விரித்த கைகளிலிருந்து பிறந்ததுதான். மொழி வேறு, கடல் வேறு. ஈரக் கயிற்றை அளக்க இரண்டு பேருக்கும் அகப்பட்டது ஒரே கருவி.

இந்தச் செங்கல்பட்டு மண்ணுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நீளத்தை உடம்பிலிருந்து பிரித்து எடுக்கும் பெருமுயற்சி நடந்த இடமும் இதுதான். 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செங்கல்பட்டுப் பகுதியை ஜாகீராக, அதாவது வருவாய் உரிமையோடு, கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஜாகீரின் ஊர்களை அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள். ஊர்க் கணக்கர்கள் வீடு, நிலம், ஏரி, மானியம் எல்லாவற்றையும் ஓலையில் எழுதினார்கள். ஆய்வாளர் தரம்பால் அவர்கள் பர்னார்டின் ஆவணங்களைத் தேடி எடுத்து அவற்றின் அருமையை உலகுக்குச் சொன்னார். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகள் நூலாகவே வந்திருக்கின்றன. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

அந்தக் கணக்குகளின் அளவு இன்றும் உங்கள் கண்முன் மனை விற்பனைப் பலகையில் தொங்குகிறது. இங்கே ஒரு குழி என்பது 24 அடிக் கோலால் சதுரமாக அளந்தது, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. அதை 24-ஆல் வகுத்தால் 2,400. கேளம்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் மனை விற்பவர்கள் ‘ஒரு கிரவுண்டு’ என்கிறார்களே, அதே 2,400 சதுர அடி. ஆங்கிலப் பெயர் பூண்டு நிற்கிறது நம் காணியின் இருபத்துநாலில் ஒரு பங்கு. விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அளவு மட்டும் மாறாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது.

அடுத்து அளக்க வந்தவர் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு முதல் கோடு போடப்பட்டது அன்றைய செங்கல்பட்டுச் சீமைக்குள்தான். பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே அளக்கும் வேலை 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் தொடங்கி மே 22-இல் முடிந்தது. நீளம் ஏழரை மைல், 40,000 அடிக்குச் சற்று மேல். அளக்க வைத்திருந்தது நூறடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குக் காட்ட மக்கார்ட்னியின் ஆங்கிலேயத் தூதுக்குழு கொண்டுபோய், அங்கே வேண்டாம் என்று திரும்பி, கல்கத்தாவில் விலைக்கு வந்த சங்கிலி அது.

சங்கிலியைத் தரையில் போட முடியாது. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை வரிசையாகத் தாங்கவைத்து, அவற்றுக்குள் கிடத்த வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீளும். அதனால் மேலே கூடாரம் கட்டி, ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்த்து, நீண்ட அளவைக் கணக்கில் சேர்த்து எழுத வேண்டும். பிறகு சங்கிலியை எடுத்து அடுத்த நூறடி. இப்படி நானூறு தடவை. பூக்காரம்மா கூட்டித் தரும் நாலு விரலை அந்தக் கூடாரத்துக்குள் யாரும் கூட்டித் தர முடியாது. ஓர் அங்குலத்தின் மிகச் சிறிய பங்கு தவறினாலும் அதன்மேல் எழும்பும் முக்கோணங்கள் எல்லாம் தவறும். அந்தக் கண்டிப்பை நான் மனதார வணங்குகிறேன். அளந்தவரும் சங்கிலியை அளந்த வெயிலும் ஒருவரையொருவர் விடாமல் கண்காணித்த நாற்பது சொச்சம் நாள்கள் அவை.

அளவைக்காரர்களும் சாலை போட்டவர்களும் மைலையும் பர்லாங்கையும் இங்கே விட்டுவிட்டுப் போனார்கள். நம் மக்கள் அவற்றை என்ன செய்தார்கள் தெரியுமா? நடந்து நடந்து சொந்தமாக்கிக்கொண்டார்கள். சாலையோரம் கல் நட்டதும் மைல் ‘கல்’ ஆயிற்று. ‘இங்கேருந்து நாலு கல்லு’ என்றால் நாலு மைல். ‘ரெண்டு பர்லாங்கு நட, புளியமரம் வரும்’ என்று என் பாட்டனார் காலத்தவர்கள் பேசினார்கள். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. சாலைக் கற்களில் கிலோமீட்டர் ஏறியது. ஆனால் இன்றும் ஒருவர் நடந்து களைத்துப்போய் உட்காரும்போது ‘மைல் கணக்கா நடந்தேன்’ என்றுதான் சொல்கிறார். கிலோமீட்டர் வாகனத்தின் அளவு. மைல் காலின் அளவாக நம் பேச்சில் தங்கிவிட்டது. கடன் வாங்குவதென்றால் இப்படி வாங்க வேண்டும். ‘லாங்’ என்ற சொல்லை யாரும் நடந்து பார்க்கவில்லை, இழுத்துப் பார்க்கவில்லை.

இனி, அளவே சொல்லாமல் நீளத்தைச் சொல்லும் உவமைகள். இங்கேதான் நம் மக்கள் எவ்வளவு நுட்பமானவர்கள் என்பது தெரிகிறது. பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் பரனூர் சுங்கச்சாவடியில் நிற்கும்போது, ‘அனுமார் வால் மாதிரி நிக்குது’ என்று வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். ஏன் அனுமார் வால்? நீளத்துக்கு மட்டும் என்றால் மலைப்பாம்பைச் சொல்லியிருக்கலாம். இலங்கையில் துணி சுற்றச் சுற்ற வளர்ந்த வால் அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் நீளுகிற ஒன்றுக்குத்தான் அந்த உவமை பொருந்தும். வரிசைக்குச் சொல்வோம், பட்டியலுக்குச் சொல்வோம், வாய்தா மேல் வாய்தா வாங்கும் வழக்குக்குச் சொல்வோம். சாலையை அனுமார் வால் என்று யாரும் சொல்வதில்லை. சாலை வளராது, அது ‘கண்ணுக்கெட்டின தூரம்’ கிடக்கும்.

ஒடுங்கி உள்ளே உள்ளே போகும் வீடு ‘ரயில் பொட்டி’. அறை அறையாகக் கடந்துதான் அடுப்படிக்குப் போக முடியும் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. உயர்ந்து வளர்ந்த பையன் பனைமரம். ஒல்லியும் சேர்ந்தால் ஒட்டடைக் குச்சி. நீண்ட சடை சாட்டை. ஒரு பொருளுக்கு உரிய உவமை இன்னொன்றுக்குப் போகாது. யாரும் எழுதிவைக்காத இந்த ஒழுங்கை ஐந்து வயதுக் குழந்தையும் மீறுவதில்லை.

மாமல்லபுரத்துப் புடைப்புச் சிற்பத்தின் முன் நிற்கும்போது எனக்கு இந்த உவமைகள்தாம் நினைவுக்கு வரும். ஏறத்தாழ முப்பது மீட்டர் நீளப் பாறை. அதன் நடுப்பிளவின் உயரத்தை உணர்த்தச் சிற்பி நாகர்களை அதற்குள் வைத்தான். மனித முகத்துக்குக் கீழே பாம்புடல் நெளிந்து இறங்க, நம் கண் அந்த உடலைப் பற்றிக்கொண்டு மேலிருந்து கீழே வருகிறது. நீளம் அங்கே ஓர் உடம்பாகிவிட்டது. ஊர்ப் பேச்சு செய்வதும் இதையே.

பாம்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் ‘இம்மா நீட்டு’ என்று சொல்லாத ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை. நல்ல பாம்பு பெரும்பாலும் நாலைந்து அடிதான் இருக்கும். கண்டவர் வாயில் அது எட்டடி, பத்தடி. இதைப் பொய் என்று ஒதுக்குவது சரியில்லை. கதவிடுக்கில் ஒரு நொடி தெரிந்து மறைந்த பாம்பு, தலை போனபின் வால் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு எவ்வளவு நேரம் போயிற்றோ அவ்வளவு நீளம். அச்சத்தின் அளவு அது; அதற்கும் ஒரு சொல் வேண்டும்தானே? இன்னொரு பக்கம், வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மண்ணில் கிடக்கும் தடத்தையும் வளை வாயையும் பார்த்து என்ன பாம்பு, எவ்வளவு பெரியது என்று நிதானிக்கும் மக்கள். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது இந்த மாவட்டமே தலைநிமிர வேண்டிய செய்தி. அவர்கள் பேச்சில் பாம்பின் நீளம் எப்படி வருகிறது, எந்தச் சொல்லில் வருகிறது என்பதை நம் தமிழ்த்துறைகள் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

‘இம்மா நீட்டு’ என்பதை அச்சில் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். மீதி கையில் இருக்கிறது. மீன் நீளத்தைச் சொல்கிறவர் ஒரு கையை நீட்டி, மறு கையால் மணிக்கட்டிலோ முழங்கையிலோ தோளிலோ வெட்டிக் காட்டுவார். வாய் எல்லாவற்றுக்கும் ‘இம்மா நீட்டு’ என்றே சொல்லும். எவ்வளவு என்பதைக் கைதான் சொல்லும். எழுத்தில் மட்டும் மொழியைத் தேடுகிறவர்களுக்கு இது ஏழ்மையான பேச்சாகத் தெரியும். நேரில் கேட்டவர்களுக்கு அது துல்லியமான பேச்சு.

நேரத்தின் நீளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இழுத்துக்கொண்டே போகும் படம் ‘ஜவ்வு’. விஷயத்துக்கு வராமல் பேசுகிறவனிடம் ‘ராமாயணம் படிக்காதே’, ‘நீட்டி முழக்காதே’ என்கிறோம். ஆனால் இதே தொண்டை மண்டலத்தில் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதம் நாள்கணக்கில் படிக்கப்படுகிறது, கூத்து விடிய விடிய நடக்கிறது. அங்கே யாரும் நீளம் என்று முறையிடுவதில்லை. விடிந்தால்தான் துரியோதனன் வீழும் படுகளம். நீளம் குறையாகும் இடமும் நிறைவாகும் இடமும் வேறு வேறு என்பதை அறிந்த மக்கள் அவர்கள். இரண்டுக்கும் வேறு வேறு சொல் வைத்திருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982-இல் கொண்டுவந்தார். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் வந்தது. செங்கல்பட்டுக்கும் இந்தக் கடற்கரைக்கும் அதுபோன்ற உழைப்பு வேண்டும். நீளத்தைச் சொல்லும் சொற்களில் அதைத் தொடங்கலாம். சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னார், எந்தப் பொருளுக்கு அதைச் சொல்லமாட்டேன் என்றார், சொன்னபோது கை எங்கே இருந்தது, மூன்றையும் எழுதுங்கள். ஒரே சொல்லை மீனவரிடமும் கழனியில் இருப்பவரிடமும் பூக்காரம்மாவிடமும் தனித்தனியே கேளுங்கள். குப்பங்களுக்குப் போவதென்றால் காலையில் படகுகள் கரையேறும் நேரத்தில் போகாதீர்கள். யாருக்கும் பேச நேரமிருக்காது. மீன் ஏலம் முடிந்து, வலையைப் பிரித்துப் போட்டுச் சிக்கெடுக்க உட்காரும்போது போங்கள். பாகம் என்றால் என்ன என்று கேட்டால் மீனவர் விளக்கம் சொல்லமாட்டார். பக்கத்தில் கிடக்கும் கயிற்றை எடுத்து விரித்துக் காட்டுவார். உங்கள் கையிலும் அந்தக் கயிற்றை வாங்கி விரித்துப் பாருங்கள்.